அம்மாவின் மாத்திரை டப்பாவும் இதயத்தின் மடைகளும்

அம்மாவுக்கு 71 வயது. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. காலையில் போடுவது ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது எலும்புத் தேய்மானத்துக்கான கால்சியம். பல வருஷமாக இரண்டையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தவர், போன மாதம் மருந்துக்கடையிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். கடையில் இருக்கும் தம்பி அம்லோடிபின் அட்டையைக் காட்டி, "இது கால்சியத்தை பிளாக் பண்ற மாத்திரைம்மா" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, காலையில கால்சியத்தை அடைக்க ஒண்ணு, ராத்திரி கால்சியத்தை ஏத்த ஒண்ணு. இது என்ன கணக்கு? ஒரு கையால குடுத்து மறு கையால புடுங்குறாங்களா?"

நான் நாலு வருஷம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். எலியின் இதயச் செல்களுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைப் பார்ப்பதுதான் அந்த நாலு வருஷமும் என் வேலை. அப்படியிருந்தும் அம்மாவின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதே வாரம் அவருக்கு எடுத்த எக்கோ ரிப்போர்ட்டும் வந்தது. நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எத்தனையோ பேருடைய ரிப்போர்ட்டில் இருக்கும் அதே வரி அதிலும் இருந்தது: கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன். அதற்கும் அம்மாவுக்கு விளக்கம் வேண்டும். அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரைக் கணக்கு. அது சுலபமானது. ரத்தத்தில் ஓடும் கால்சியத்தின் அளவை உடம்பு மிகக் கறாராகக் காவல் காக்கிறது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன. அளவு கொஞ்சம் இறங்கினாலும் அவை ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துவிடும். ராத்திரி மாத்திரை அந்த எலும்புக்கானது. அம்லோடிபின் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைத் தொடுவதே இல்லை. ரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் தசைச் செல்களுக்குக் கால்சியம் நுழையச் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. அந்தக் கதவுகளில் சிலவற்றை அது ஒருக்களித்து வைக்கிறது. உள்ளே போகும் கால்சியம் குறைந்தால் தசை அவ்வளவாக இறுகாது, குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். ஆக, ஒன்று கிடங்கில் சரக்கு சேர்க்கிறது, மற்றது வேறொரு வீட்டின் கதவைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் சண்டை இல்லை.

அதே வகைக் கதவுகள் இதயத் தசையிலும் இருக்கின்றன. வெராபமில், டில்டியாசெம் என்ற மருந்துகள் அங்கே போய்ப் பிடிக்கும். அம்லோடிபின் பெரும்பாலும் குழாய்களோடு நின்றுவிடும். சரி, இதயத் தசைக்குக் கால்சியம் எதற்கு? இந்தக் கேள்விக்கான விடை, லண்டன் குழாய்த் தண்ணீரில் தற்செயலாகக் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு ஏற்றும் பாட்டிலில் 'ஆர்.எல்.' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிங்கர்ஸ் லாக்டேட். அந்த ரிங்கர் என்பவர் சிட்னி ரிங்கர், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த மருத்துவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்து, அது துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண உப்பைத் தண்ணீரில் கரைத்தாலே போதும், இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று 1882இல் எழுதினார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கப்பட்டதாக அவர் நினைத்திருந்த கரைசல், நியூ ரிவர் தண்ணீர்க் கம்பெனி ஊருக்கு விநியோகித்த குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்தது. வடித்த தண்ணீரில் கலந்து பார்த்தார். துடிப்பு தளர்ந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்து வடித்த தண்ணீரில் இல்லாதது என்ன என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். கால்சியத்தைச் சேர்த்தபோது இதயம் மறுபடி துடித்தது. முன்பு எழுதியது தவறு என்பதையும், தவறு எங்கே நடந்தது என்பதையும் 1883இல் அவரே அச்சில் சொன்னார்.

இந்த இடம் எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும். தன் தவறைத் திருத்தி எழுதிய அந்தக் கட்டுரைதான் இன்றும் பேசப்படுகிறது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பகுதி கால்சியம்தான். வீட்டில் சுரண்டி எறிகிற அந்தப் பொருள் இல்லாமல் எந்த இதயமும் ஒரு துடிப்புகூடத் துடிக்காது.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எலியின் இதயத்தை எடுத்து, பெருந்தமனியில் ஒரு மெல்லிய குழாயைக் கட்டித் தொங்கவிடுவோம். ஆஸ்கர் லாங்கென்டார்ஃப் 1895இல் சொல்லிக்கொடுத்த முறை அது. குழாய் வழியாக முதலில் கால்சியம் இல்லாத கரைசலை விடுவோம். துடித்துக்கொண்டிருந்த இதயம் சில நொடிகளில் தளர்ந்து அப்படியே நிற்கும். பிறகு செல்களைப் பிணைத்திருக்கும் நாரைக் கரைக்கும் நொதியை விட்டால், தசை தனித்தனிச் செல்லாகப் பிரிந்து வரும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு செல்லும் செங்கல் போல, நீளவாக்கில் நூறு மைக்ரான் அளவில், உடம்பெல்லாம் நெருக்கமான கோடுகளோடு கிடக்கும்.

அடுத்த படிதான் ஆபத்தானது. செல்கள் வெளியே வந்ததும் கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மெல்ல மெல்ல, படிப்படியாகக் கொடுக்க வேண்டும். என் இரண்டாவது வாரத்தில் நான் அவசரப்பட்டு ஒரே தடவையில் கொடுத்துவிட்டேன். கண்ணெதிரே அத்தனை செங்கல்களும் சுருண்டு உருண்டையாகிச் செத்தன. இதயத்திலிருந்து கால்சியத்தைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால், கொடுத்ததே அதைக் கொன்றுவிடும். இதற்குக் கால்சியம் முரண் என்று பெயர், 1966இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். படித்துத்தான் இருந்தேன். ஓர் உயிரை எடுத்துவிட்டு அதை வீணாக்கிய வருத்தத்தில் அன்று மத்தியானம் சாப்பிட முடியவில்லை. எது இல்லாவிட்டால் இதயம் நிற்குமோ, அதுவே அளவு தவறினால் இதயத்தைக் கொல்லும் என்பதைப் புத்தகத்தில் படித்தபோது அது ஒரு தகவல். அன்றைக்குத்தான் அது எனக்குள் இறங்கியது.

இனி, உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். அம்மா சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருக்குக் கண்மாயை வைத்துச் சொன்னேன், உடனே புரிந்தது. அதனால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

செல்லுக்கு வெளியே கால்சியம் ஏராளம். செல்லுக்குள், அது சும்மா கிடக்கும்போது, வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு கஞ்சத்தனம் ஏன் என்றால், செல் தன் ஆற்றலையெல்லாம் பாஸ்பேட்டில் சேர்த்து வைத்திருக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் அதிகமாகச் சேர்ந்தால் கரையாமல் படிந்துவிடும். எலும்பின் கல் அந்தச் சேர்க்கைதான். ஆகவே, ஆதியிலிருந்தே கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பது உயிரணுக்களின் வழக்கம். அப்படிச் செல்லின் உள்பக்கம் காய்ந்த வயல் போலக் கிடப்பதால்தான் கொஞ்சம் தண்ணீர் வந்தாலும் சட்டென்று தெரிகிறது. கால்சியம் ஒரு செய்தியாக இருக்க முடிவதற்குக் காரணம் அந்த வறட்சிதான்.

இதயச் செல்லுக்குள் ஒரு கண்மாய் இருக்கிறது. சார்க்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வுப் பை, கால்சியத்தைத் தேக்கி வைத்திருப்பது. அதைச் சுற்றி இருக்கும் வயல் என்பது சுருங்கி விரியும் நார்கள். கண்மாய்க்கு மடைகள் உண்டு, ரயனோடின் ஏற்பிகள் என்று பெயர். தென்னமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து கிடைத்த ரயனோடின் என்ற பூச்சிக்கொல்லி இந்த மடைகளில் போய் ஒட்டிக்கொள்வதால் வந்த பெயர். செல்லின் வெளிச்சுவரில், நான் முன்பு சொன்ன, அம்லோடிபின் பிடிக்கும் வகைக் கதவுகள் இருக்கின்றன. கதவுக்கும் மடைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மின்துடிப்பு வந்து செல்லைத் தொடும்போது வெளிக்கதவுகள் திறக்கும். கொஞ்சம் கால்சியம் உள்ளே வரும். அந்தக் கொஞ்சம் கால்சியம் நேரே நார்களுக்குப் போவதைவிட முக்கியமான வேலை ஒன்றைச் செய்கிறது. எதிரே இருக்கும் மடையைத் தட்டித் திறக்கிறது. மடை திறந்ததும் கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. வந்தது ஒரு குடம், அது திறந்துவிட்டது ஒரு வாய்க்கால். கால்சியமே கால்சியத்தை அவிழ்த்துவிடும் இந்த வித்தையை, வெளிச்சவ்வை உரித்த ஒற்றை இதயச் செல்லில் அலெக்ஸாந்த்ரே ஃபபியாடோ என்ற ஆய்வாளர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பொறுமையாக அளந்து காட்டினார். மடைகள் கொத்துக்கொத்தாகத் திறப்பதைக் கண்ணால் பார்க்க 1993 வரை ஆனது. ஒளிரும் சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது செல்லுக்குள் மின்மினிப் பூச்சி போலச் சின்னப் பொறிகள் தெறித்தன. கால்சியம் பொறிகள் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஒரு துடிப்பு என்பது ஆயிரக்கணக்கான பொறிகள் ஒரே கணத்தில் சேர்ந்து எரிவது.

பாய்ந்த கால்சியம் நாரில் இருக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தில் போய் உட்காரும். பூட்டியிருந்த நார்கள் விடுபட்டு ஒன்றையொன்று இழுக்கும். செல் சுருங்கும். கோடிக்கணக்கான செல்கள் ஒன்றாகச் சுருங்கினால் ரத்தம் பெருந்தமனிக்குள் பீறிடும். மாரடைப்பு சந்தேகம் வந்தால் ரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்கச் சொல்கிறார்களே, அது இதே புரதக் குடும்பம்தான். செல் உடைந்தால் அது ரத்தத்தில் கசிந்துவிடும்.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் உற்சாகமாகச் சொல்வார்கள். நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்து வரும் பகுதியை.

பாய்ச்சிய தண்ணீரை வடிக்க வேண்டும். ஒரு நொடிக்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். அதற்குள் வயல் மறுபடி காய வேண்டும். இந்த வேலையைச் செய்வது செர்கா என்ற பம்ப். வயலில் பரவிய கால்சியத்தை மேட்டுக்கு இறைத்துத் திரும்பக் கண்மாயில் சேர்க்கிறது. மனித இதயத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் இப்படித் திரும்பும். மீதியில் பெரும்பகுதியை, மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே தள்ளும் ஒரு பண்டமாற்று வாயில் கவனித்துக்கொள்கிறது. உள்ளே வந்தது எவ்வளவோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும், இல்லாவிட்டால் துடிப்புக்குத் துடிப்பு சேர்ந்துகொண்டே போகும். இறைப்புக்கு ஆற்றல் செலவாகிறது. பாய்வதற்குச் செலவில்லை, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும். வடிப்பதற்குத்தான் உழைப்பு.

இதை நான் உணர்ந்தது ஆய்வுக்கூடத்தில் இல்லை, ஒரு சாவு வீட்டில். தாத்தா இறந்து சில மணி நேரத்தில் அவர் விரல்களை மடக்க முடியாமல் போனது. உயிர் போனால் உடம்பு தளர்ந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆற்றல் தீர்ந்த தசை விறைக்கிறது. இறுகிய நாரை விடுவிக்கவும் கால்சியத்தை இறைக்கவும் உயிர் வேண்டும். இளகுவது உயிருள்ள தசையின் வேலை.

அம்மாவின் எக்கோ ரிப்போர்ட் பேசுவது இந்த இளகும் வேலையைத்தான். இதயம் எவ்வளவு நன்றாகப் பிழிகிறது என்பதற்கு அதில் ஓர் எண் இருக்கிறது, 60 சதவீதம், நல்ல எண். டயஸ்டாலிக் என்று வரும் வரி, பிழிந்த பிறகு அறை எவ்வளவு சுலபமாக விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது என்பது பற்றியது. வயது ஏறும்போது இறைப்பு கொஞ்சம் மெதுவாகும். பல வருஷம் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளிய சுவர் தடித்து விறைப்பாகும். அறை தாமதமாக இளகுவதால் முதல் கட்டத்தில் நிரம்ப வேண்டியதில் ஒரு பகுதி, கடைசியில் மேலறை தள்ளிக்கொடுப்பதால்தான் நிரம்புகிறது. கிரேடு 1 என்பது அந்த ஆரம்பம். மூச்சு வாங்குவது, கால் வீங்குவது எதுவும் இல்லாதவருக்கு இதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஓர் அறிவிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: இடது கீழறையின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது இளகியிருக்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. இறுகும்போது தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்ளும். ஊருக்கெல்லாம் சோறு போட்டுவிட்டு, ஓய்வில்தான் இதயம் சாப்பிடுகிறது.

ஓடும்போது என்ன ஆகும் என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. துடிப்புகளுக்கு நடுவே நேரம் குறைந்துவிடும், எப்படி வடிக்கும்? செர்கா பம்புக்குப் பாஸ்போலம்பான் என்று ஒரு பிரேக் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிரேக் பாதி பிடித்தபடியே இருக்கும். அட்ரினலின் வந்ததும் அது விட்டுக்கொடுக்கும், பம்ப் வேகமெடுக்கும். அதே அட்ரினலின் வெளிக்கதவுகளையும் அகலத் திறக்கும். அதிகம் பாய்கிறது, வேகமாக வடிகிறது. கண்மாயும் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு இன்னும் பலமாக வருகிறது. எழுபதுகளில் ஆர்னால்ட் காட்ஸின் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பிரேக்கைக் கண்டுபிடித்தார்கள்.

இனி அப்பாவைப் பற்றி. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதயச் செயலிழப்பில் அவரை இழந்தோம். ஐந்து வருஷம் அதோடு வாழ்ந்தார். அவர் மாத்திரைச் சீட்டில் டிகாக்சின் இருந்தது. அதன் எதிரே, 'சனி, ஞாயிறு வேண்டாம்' என்று எழுதியிருக்கும். ஆபீஸுக்குப் போவது போல வாரத்துக்கு ஐந்து நாள் மாத்திரை. உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறும் மருந்து அது. சிறுநீரகம் கொஞ்சம் சுணங்கினாலும் சேர்ந்துகொண்டே போகும். வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடம் குறுகலானது. அதனால்தான் நம் மருத்துவர்கள் பல காலமாக அந்த இரண்டு நாள் விடுமுறையை எழுதிவந்தார்கள்.

டிகாக்சின் ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலையிலிருந்து வந்தது. ஷ்ராப்ஷயரில் ஒரு பாட்டி ரகசியமாக வைத்திருந்த மூலிகைக் கலவையைப் பற்றி வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் கேள்விப்பட்டு, அதில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளில் வேலை செய்வது இந்த ஒன்றுதான் என்று கண்டு, 1785இல் புத்தகமாக எழுதினார். அது எப்படி வேலை செய்கிறது என்பது புரிய 150 வருஷத்துக்கு மேல் ஆனது. செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்பை அது தடுக்கிறது. அந்த பம்பை 1957இல் அடையாளம் காட்டிய ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே சோடியம் கூடினால் அந்தப் பண்டமாற்று வாயிலுக்கு வேகம் போய்விடும். வெளியேற வேண்டிய கால்சியம் உள்ளேயே தங்கிக் கண்மாயில் சேரும். கண்மாய் நிரம்பியிருந்தால் அடுத்த துடிப்பு பலமாக இருக்கும். சோடியத்தைத் தொட்டுக் கால்சியத்தை ஏற்றும் சுற்றுவழி. நம்மூர் அரளியின் நஞ்சும் இதே பம்பைத்தான் பிடிக்கிறது. இலங்கையில் அரளி நஞ்சுக்கு ஆளானவர்களுக்கு டிகாக்சினுக்கான முறிமருந்து பலன் தருகிறது என்று கொழும்பில் நடந்த சோதனை 2000இல் வெளியானது. மருந்தும் விஷமும் ஒரே வாசலில் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அப்பாவின் சீட்டில் என்னைக் கோபப்படுத்திய மருந்து கார்வெடிலால். அட்ரினலினைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர். ஏற்கெனவே சோர்ந்த இதயம், அதை இன்னும் மந்தப்படுத்தும் மருந்தா? அப்போது நான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருக்கவில்லை. 3.125 மில்லிகிராமில் தொடங்கிச் சில வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கினார்கள். முதல் மாதம் அப்பா முன்னைவிடச் சோர்ந்தார், மாடிப்படி ஏறவில்லை. நான் மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "களைச்ச மாட்டை அடிச்சு ஓட்டினா இன்னைக்கு ஓடும்மா. வண்டி வீடு போய்ச் சேராது."

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செயலிழந்த இதயத்தில் செர்கா பம்புகள் குறைந்துவிடுகின்றன, மடைகள் சரியாக மூடாமல் கசிகின்றன. கண்மாயில் தண்ணீர் இல்லை, வயலோ எப்போதும் ஈரம். பலமாக இறுகவும் முடியாது, முழுதாக இளகவும் முடியாது. அப்படிப்பட்ட இதயத்துக்கு இன்னும் கொஞ்சம் கால்சியத்தை ஊற்றினால் தேறிவிடும் என்று எண்பதுகளில் நம்பினார்கள். மில்ரினோன் அப்படி ஒரு மருந்து. கொடுத்தால் இதயம் பலமாகத் துடிக்கும், எண்கள் அழகாக ஏறும். கடுமையான இதயச் செயலிழப்பு இருந்த 1,088 பேருக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 1991இல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு 28 சதவீதம் அதிகம்.

எதிர்த்திசையில், ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தில் ஃபின் வாக்ஸ்டைனும் கூட்டாளிகளும் 1975இலேயே ஏழே ஏழு நோயாளிகளுக்குப் பீட்டா பிளாக்கர் கொடுத்துத் தேறியதாக எழுதியிருந்தார்கள். பாடப்புத்தகம் கூடாது என்று சொன்ன மருந்து அது. இருபது வருஷத்துக்கு மேல் பலர் நம்பவில்லை. 1999இல் இரண்டு பெரிய சோதனைகள், இரண்டையும் பாதியிலேயே நிறுத்தும் அளவுக்குப் பலன் தெளிவாக இருந்தது. இறப்பு 34 சதவீதம் குறைந்தது, இரண்டிலும் அதே எண். அந்த இருபது வருஷத்தில் இந்த மருந்து கிடைக்காமல் போனவர்களை நினைத்தால் எனக்கு மனது கனக்கிறது. இதயத்தை விரட்டும் அட்ரினலினைத் தடுத்தால் அது மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, கசியும் மடைகள் கொஞ்சம் இறுக மூடுகின்றன. அப்பா நாலாவது மாதம் மாடிக்கு ஏறினார். மொட்டைமாடியில் நின்று என்னைக் கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மடை கசிவு என்றேனே, அதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு நல்ல செல்லை அடையாளம் காண நான் கற்றுக்கொண்ட முதல் அடையாளம், அது அசையாமல் கிடப்பது. மின்தூண்டல் கொடுத்தால் சுருங்கும், இல்லாவிட்டால் கல் மாதிரி கிடக்கும். தானாகத் துள்ளுகிற செல், உயிர்த்துடிப்புள்ளதாகத் தோன்றும், ஆனால் அதை ஒதுக்கிவிடுவோம். அதற்குள் மடை ஒன்று கேட்காமலே திறந்து, பக்கத்து மடையைத் திறந்து, செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால்சியம் அலையாக ஓடும். சாயத்தில் பார்க்கும்போது அத்தனை அழகு. ஆனால் அந்த அழகுதான் ஆபத்து. அலையாக வந்த கால்சியத்தைப் பண்டமாற்று வாயில் வெளியே தள்ளும்போது, ஒன்றுக்கு மூன்றாகச் சோடியம் உள்ளே வருவதால் மின்சுமை ஏறும். அது போதுமான அளவுக்கு ஏறினால், யாரும் கேட்காத ஒரு துடிப்பு பிறக்கும். அப்படிப் பல சேர்ந்தால் இதயம் தாளம் தப்பும்.

பிறவியிலேயே இந்த மடைகளில் குறை இருக்கும் குழந்தைகள் உண்டு. சி.பி.வி.டி. என்று அந்த நோய்க்குச் சுருக்கப் பெயர். ஃபிலிப் குமெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1978இல் சில குழந்தைகளிடம் பார்த்து விவரித்தார். ரயனோடின் ஏற்பியின் மரபணுவில் பிழை இருப்பது 2001இல் தெரிந்தது. சும்மா இருக்கும்போது இ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் தெரியாது, எக்கோவும் சரியாகவே இருக்கும். ஓட்டப்பந்தயத்திலோ, நீச்சலிலோ, திடீரென்று பயந்தாலோ குழந்தை மயங்கி விழும். அட்ரினலின் கண்மாயைத் தளும்ப நிரப்ப, பலவீனமான மடை தாங்காமல் திறந்துவிடுகிறது. டிகாக்சின் அளவுக்கு மீறினால் இ.சி.ஜி.யில் துடிப்புகள் ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாறி மாறி வரும் ஒரு விசித்திரமான கோலம் தெரியும். இந்தக் குழந்தைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தாலும் அதே கோலம் வரும். வேறு வேறு காரணம், உள்ளே உடைவது ஒரே மடை.

பல குழந்தைகளை வலிப்பு என்று நினைத்து அதற்கே மருந்து கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்கிறேன்: ஓடும்போதோ விளையாடும்போதோ ஒரு குழந்தை நினைவிழந்து விழுந்தால், வீட்டில் இளம் வயதில் யாராவது காரணம் தெரியாமல் இறந்திருந்தால், இதய மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரண இ.சி.ஜி.யோடு திருப்திப்படாதீர்கள், உடற்பயிற்சியோடு எடுக்கும் சோதனையைக் கேளுங்கள். கண்டுபிடித்துவிட்டால் பீட்டா பிளாக்கர் இருக்கிறது. பழைய மருந்தான ஃப்ளெக்கைனைடும் இந்த நோய்க்கு உதவுகிறது என்று 2009இல் தெரிந்தது.

குறைந்துபோன செர்கா பம்பைத் திரும்பக் கொடுத்துவிட்டால் செயலிழந்த இதயம் மீளாதா என்று நான் ஆய்வுக்கூடத்தில் இருந்த காலமெல்லாம் நினைத்ததுண்டு. அதை மனிதர்களிடம் செய்தே பார்த்திருக்கிறார்கள். தீங்கில்லாத ஒரு வைரஸில் செர்கா மரபணுவை ஏற்றி, இதயத் தமனி வழியாகச் செலுத்தினார்கள். 39 பேரிடம் நடந்த ஆரம்பச் சோதனை நம்பிக்கை தந்தது. 250 பேரிடம் நடந்த அடுத்த சோதனையின் முடிவு 2015இல் வந்தபோது, மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார், அவரிடம் சொல்லவில்லை. போதுமான செல்களுக்கு மரபணு போய்ச் சேரவில்லை என்பது ஒரு விளக்கம். எலியிலும் பன்றியிலும் வேலை செய்த யோசனை அது. அந்த யோசனை செத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கொண்டுசேர்க்கும் வழிதான் இன்னும் கிடைக்கவில்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அப்பா ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். மழைக்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக்கூட மண்வெட்டியும் லாந்தரும் எடுத்துக்கொண்டு மடைக்குப் போவாராம்.

"திறக்கிறதுக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. மூடுறதுக்கு எங்கப்பா மட்டும்தான் போவாரு" என்றார்.

பிறகு எழுந்து போய், அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தார். கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அழுத்தத்தைக் குறித்து, கிளிப் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் 152/90. நேற்று 138/84. இன்றைக்கு இன்னும் பார்க்கவில்லை. கருவியை எடுத்துவரச் சொன்னார்.